பருப்பும் கீரையும் சாப்பிட்டால் குடலில் பாலிப் மறுபடி வளருமா?

கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 47. ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. அப்பாவுக்கு 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து, இரண்டு வருடத்தில் இறந்துவிட்டார். அதனால் ஏழு மாதங்களுக்கு முன்பு இவருக்கு கொலோனோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கேமராவைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்திருக்கிறார்கள். பெருங்குடலின் இடப்பக்கத்துக் கடைசி வளைவில் 8 மி.மீ. அளவில் ஒரே ஒரு பாலிப், அதாவது உட்சுவரில் முளைக்கும் சிறு சதைக்கட்டி. அப்போதே கம்பி வளையம் போட்டு வெட்டி எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'டியூபுலர் அடினோமா, லோ கிரேடு டிஸ்பிளேசியா' என்று இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

குழப்பம் அதற்குப் பிறகுதான். நார்ச்சத்திலிருந்து குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் பெருங்குடல் செல்களைப் பெருகவைக்கும் என்று எங்கோ படித்திருக்கிறார். 'செல் பெருகினால்தானே பாலிப்?' என்று பயந்து மூன்று மாதமாகப் பருப்பு, பயறு, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ரசம் சாதமும் தயிர் சாதமும்தான் சாப்பாடு. மலச்சிக்கல் படுத்துகிறது. மகன் வேறொரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்த அமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட் புற்றுநோய் செல்லைக் கொல்லும் என்று அதன் காப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். 'டப்பாவைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கிறது, காலாவதியான மருந்தோ?' என்பது ஒரு கேள்வி. மாமியார், 'நெய்யிலேயே அது இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடி' என்கிறார். கடைசியாகக் கேட்கிறார்: 'இதையெல்லாம் சரியாகச் செய்தால் அந்த ஐந்து வருடப் பரிசோதனையைத் தவிர்க்கலாமா, டாக்டர்?'

கடிதத்தின் ஓரத்தில், போகிற போக்கில், ஒரு வரி: 'தம்பிக்கு 42 வயசு, அவனுக்கும் அப்பப்போ ரத்தம் போகும், ஆனா அது மூலம்தான், நாட்டு மருந்துக் கடையில பொடி வாங்கிச் சாப்பிடுறான்.'

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் படித்ததும் உங்கள் மகன் பார்த்ததும் இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டிலிருந்தும் உங்கள் வீட்டில் எடுத்த முடிவுகள் சரியில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கே பருப்பு சாப்பிடத் தொடங்குங்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ரிப்போர்ட்டில் உள்ள அந்த வார்த்தைகளைப் பற்றியும் பயம் தெரிகிறது. டியூபுலர் அடினோமா என்பது புற்றுநோய் இல்லை. செல்களின் ஒழுங்கு கொஞ்சம் கலைந்த, சாதுவான வகைக் கட்டி. 'லோ கிரேடு' என்றால் அந்தக் கலைவு மேலோட்டமானது என்று அர்த்தம். இப்படிப்பட்ட பாலிப்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்கப் புற்றுநோயாக மாறுவதே இல்லை. மாறுகிறவையும் பொதுவாகப் பத்து வருடம் போல எடுத்துக்கொள்கின்றன. உங்களுடையது மாறுவதற்கு வாய்ப்பே இல்லாதபடி வெளியே எடுத்தாகிவிட்டது.

செல் பெருகுவது தவறான காரியமா?

பெருங்குடலின் உட்சுவரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் லட்சக்கணக்கான நுண்குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஏறக்குறைய 2000 செல்கள். குழியின் அடியில் ஸ்டெம் செல்கள் உட்கார்ந்துகொண்டு புதுச் செல்களை உண்டாக்கியபடி இருக்கின்றன. அந்தப் புதுச் செல்கள் மெதுவாக மேலே ஏறி, முதிர்ந்து, வேலை பார்த்து, விளிம்பில் உதிர்ந்துவிடுகின்றன. இந்த முழுச் சுற்றுக்கும் நான்கைந்து நாள்தான் ஆகிறது. போன வாரம் உங்கள் குடலை மூடியிருந்த தோல் இந்த வாரம் இல்லை. இந்தப் பெருக்கம் நின்றுபோனால் குடல் சுவர் புண்ணாகிவிடும்.

நாம் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போனதும் அங்கே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. அதில் மூன்று அமிலங்கள் முக்கியமாகக் கிடைக்கின்றன: அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். பொதுவாக 60, 20, 20 என்ற விகிதத்தில். இவற்றில் பியூட்டிரேட்தான் குடல் செல்லின் முதன்மை எரிபொருள். 1980-ல் ரோடிகர் என்ற ஆய்வாளர், அறுவை சிகிச்சையில் எடுத்த மனிதக் குடல் துண்டுகளிலிருந்து செல்களைப் பிரித்து அளந்து பார்த்தார். அந்தச் செல்கள் செலவழித்த ஆக்சிஜனில் 70 சதவீதத்துக்கும் மேல் பியூட்டிரேட்டை எரிப்பதற்கே போனது. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் ரத்தத்தில் வரும் ஊட்டத்தை நம்பி வாழ, பெருங்குடல் மட்டும் தனக்குள் ஓடும் கழிவிலிருந்து பாதிச் சாப்பாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

அந்தச் சாப்பாடு கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நேரடியாகவே பார்க்கிறோம். சிலருக்கு அறுவை சிகிச்சை செய்து மலம் போகும் வழியை வயிற்றுச் சுவரில் திருப்பிவிடுவோம். கீழே மிச்சமிருக்கும் குடல் பகுதி மலமே வராமல் வெறுமையாகக் கிடக்கும். நோயே இல்லாத அந்தப் பகுதி கொஞ்ச காலத்தில் சிவந்து, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிகிற அளவுக்கு அழற்சி அடைந்துவிடும். 1989-ல் இப்படிப்பட்ட நோயாளிகள் நான்கு பேருக்குக் குறுஞ்சங்கிலி அமிலக் கலவையை அந்தப் பகுதிக்குள் எனிமாவாகச் செலுத்தியபோது சில வாரங்களில் அழற்சி அடங்கியது. பிறகு செய்த இன்னொரு ஆய்வில் அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குடலுக்கு நல்ல வைத்தியம், மறுபடி இணைத்து மலத்தை ஓடவிடுவதுதான்.

நீங்கள் படித்தது 1987-ல் சகாடா என்ற ஜப்பானிய ஆய்வாளர் எலிகளில் செய்த பரிசோதனையைப் பற்றியதாக இருக்கலாம். பெருங்குடலுக்குள் இந்த அமிலங்களை விட்டபோது குழிகளில் செல் பிறப்பு கூடியது. உண்மைதான். சரியாகச் சாப்பாடு கிடைத்த தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது அது. பாலிப் உண்டாவது வேறு காரணத்தால். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் மரபணு, பெரும்பாலும் ஏபிசி என்கிற மரபணு, ஒரு செல்லில் பழுதாகிவிடுகிறது. அந்தச் செல்லின் வாரிசுகள் மேலே ஏறிய பிறகும், உதிர வேண்டிய நேரத்திலும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அதுதான் அடினோமா. நீங்கள் சாப்பிட்ட பருப்பு அந்த மரபணுவைப் பழுதாக்கவில்லை.

அப்படியானால் மகன் சொன்னது?

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாலையில் வளர்க்கும் குடல் புற்றுநோய் செல்கள் மேல் பியூட்டிரேட்டை ஊற்றினால் அவை பெருகுவதை நிறுத்துகின்றன, பல செத்தும் போகின்றன. ஆரோக்கியமான செல்லுக்கு ஊட்டம், புற்றுநோய் செல்லுக்கு விஷம். இந்த முரணைப் பல வருடம் ஆய்வாளர்களால் விளக்க முடியவில்லை.

நம் செல்லின் கருவுக்குள் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றிவைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சுற்று இறுகினால் அங்குள்ள மரபணுக்கள் மௌனமாகிவிடும், தளர்ந்தால் பேசும். இறுக்கும் வேலையைச் செய்கிற நொதி ஒன்று உண்டு. பியூட்டிரேட் அந்த நொதியைத் தடுக்கும். தடுத்ததும், பெருக்கத்துக்குத் தடைபோடும் பி21 போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஆனால் அதற்குப் பியூட்டிரேட் கரு வரைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆரோக்கியமான செல் அதை வழியிலேயே எரித்துவிடுகிறது. புற்றுநோய் செல்லோ சர்க்கரையை நம்பி வாழ்வது. 1920-களிலேயே ஜெர்மனியில் வார்பர்க் கண்டு சொன்ன குணம் இது. எரிக்கப்படாத பியூட்டிரேட் அங்கே சேர்ந்துபோய்க் கருவுக்குள் நுழைகிறது. 2012-ல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை நிறுவிக் காட்டினார்கள்.

அதற்கு நான்கு வருடம் கழித்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்களிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. குழியின் அடியிலுள்ள ஸ்டெம் செல்களைத் தொட்டால் பியூட்டிரேட் அவற்றின் பெருக்கத்தையும் அடக்கிவிடும். ஆனால் சாதாரணமாக அது அடிவரை போவதே இல்லை. பந்தியில் முதல் வரிசையிலேயே பாயசம் தீர்ந்துவிடுவதுபோல, மேல் விளிம்பில் இருக்கும் முதிர்ந்த செல்களே அத்தனையையும் சாப்பிட்டுவிடுகின்றன. குடல் சுவரில் புண் ஏற்பட்டு ஸ்டெம் செல் வெளியே தெரிந்தால் மட்டும், எலிகளில், பியூட்டிரேட் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தியது. ஆக, இந்த அமிலம் செல்லைப் பெருக்குமா அடக்குமா என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்தச் செல், குழியில் எந்த இடம், எவ்வளவு அளவு என்பதைப் பொறுத்தது.

எலிகளில் எதிர்மாறான முடிவும் உண்டு. ஏபிசி உட்பட இரண்டு மரபணுக்களைப் பழுதாக்கிய ஒரு வகை எலியில் பியூட்டிரேட் கட்டிகளைக் கூட்டியது என்று 2014-ல் வெளியானது. ஒருவேளை நீங்கள் படித்தது அதுவாகவும் இருக்கலாம். இப்படிச் சிறப்பாக உருவாக்கிய எலியின் முடிவை வைத்துக் கரூரில் ஒருவர் கீரையை நிறுத்துவது நியாயமில்லை. மனிதர்களில் கிடைத்தவற்றைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மனிதர்களில் எனக்கு மனதில் நின்றது 2015-ல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வசிக்கும் 20 கறுப்பின அமெரிக்கர்களும், தென்னாப்பிரிக்காவின் கிராமப்புறத்தில் 20 பேரும் இரண்டு வாரத்துக்கு ஒருவர் சாப்பாட்டை மற்றவர் சாப்பிட்டார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமுக்கு ஏறியது. தென்னாப்பிரிக்கர்களுக்கு 66-லிருந்து 12-க்கு இறங்கி, பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன. நார்ச்சத்து கூடியவர்களின் குடலில் பியூட்டிரேட் உற்பத்தி கூடியது. அதோடு குடல் சுவரில் செல் பெருக்கத்தின் அடையாளம் குறைந்தது. நார்ச்சத்து குறைந்தவர்களிடம் நேர் எதிர். உங்கள் பயத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

காப்ஸ்யூலும் நெய்யும்

அந்த நாற்றம் காலாவதியால் வந்தது இல்லை. வெண்ணெய் கெட்டால் வீசும் நாற்றமே இந்த அமிலத்துடையதுதான். மருந்து சரியாகத்தான் இருக்கிறது. அது உங்களுக்குத் தேவையா என்றால், இல்லை. பியூட்டிரேட்டை வாய்வழியாகக் கொடுத்தால் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதைத் தாண்டிப் போகும்படி மேல்பூச்சு பூசிய காப்ஸ்யூல்களும் இருக்கின்றன. ஆனால் பாலிப் எடுத்தவருக்கு அது மறுபடி வராமல் இவை தடுக்கும் என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. ஒரு காப்ஸ்யூலில் இருப்பது மில்லிகிராம் கணக்கில். ஒழுங்காக நார்ச்சத்து சாப்பிடுகிறவரின் பெருங்குடல் தானே உண்டாக்குவது கிராம் கணக்கில். டப்பாவை முடித்துவிட்டு மறுபடி வாங்க வேண்டாம். மகனைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், அக்கறையில் செய்தது.

மாமியார் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பால் கொழுப்பில் நூற்றில் மூன்று, நான்கு பங்கு பியூட்டிரிக் அமிலம் உண்டு. ஒரு கரண்டி நெய்யில் அரை கிராம் அளவுக்கு இருக்கலாம். அதுவும் சிறுகுடலிலேயே செரிமானமாகி உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலுக்குப் போகாது. நெய்யைப் பருப்பு சாதத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். பெருங்குடலுக்கு வேலை செய்யப்போவது அந்தப் பருப்புதான்.

பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி, கீரை, வாழைக்காய், கொய்யா, சின்ன வெங்காயம் இவையெல்லாம் நல்லவை. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏழு கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டு. அதே அளவு வெள்ளைச் சாதத்தில் அரை கிராம் தேறினால் அதிகம். பழைய சோற்றில், சாதம் ஆறிக் குளிரும்போது ஸ்டார்ச்சில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது. ஆனால் அளவு சிறியதுதான், அதை மட்டும் நம்ப வேண்டாம். நாளுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து என்பது 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த நல்ல இலக்கு. மூன்று மாதம் நிறுத்தியிருக்கிறீர்கள், அதனால் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். முதல் வாரம் ஒரு கைப்பிடி சுண்டலும் ஒரு வேளை கீரையும் போதும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். வயிறு கொஞ்சம் உப்பும், வாயு பிரியும். பாக்டீரியா வேலைக்குத் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் தாங்கவில்லை என்றால் இரவில் இசப்கோல் எடுக்கலாம். அது மலத்தை இளக்கும், ஆனால் அதிகம் புளிக்காது. ஆகையால் பருப்புக்கு அது பதிலாகாது.

ஐந்து வருடப் பரிசோதனை

இதைத் தவிர்க்க முடியாது. நார்ச்சத்து அதிகம் சாப்பிடுபவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாக வருவதை ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு காட்டியது. ஆனால் ஏற்கெனவே பாலிப் எடுத்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2000-ல் வந்தது. சுமார் 2000 பேர், நான்கு வருடம். ஒரு பாதியினருக்குக் கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து நிறைந்த உணவு. மறு பாதியினருக்கு வழக்கமான சாப்பாடு. கடைசியில் இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குப் புதிதாக அடினோமா இருந்தது. பரம்பரைக் குடல் புற்றுநோய் உள்ள குடும்பத்தினருக்கு நாளுக்கு 30 கிராம் செரிக்காத ஸ்டார்ச் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் குடல் புற்றுநோய் குறையவில்லை. நல்ல சாப்பாடு நீண்ட காலத்தில் உதவலாம். கேமரா பார்க்கும் வேலையை அது செய்யாது.

இணையத்தில் தேடினால் 'சிறிய ஒற்றை அடினோமாவுக்கு 7 முதல் 10 வருடம் கழித்துப் பார்த்தால் போதும்' என்று வரும். 2020-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு. அப்பாவுக்கு 60 வயதுக்கு முன்பே வந்திருப்பதால் உங்களுக்கு ஐந்து வருடம்தான். உங்கள் மருத்துவர் சொன்னது சரி. அதற்கு நடுவில் ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ரத்தசோகை வந்தாலோ ஐந்து வருடம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

உங்கள் தம்பி

உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன், ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை தந்தது நீங்கள் கேட்காத அந்த ஒரு வரிதான். உங்கள் பாலிப் வெளியே வந்துவிட்டது. உங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மருத்துவர் இருக்கிறார். தம்பிக்கு இரண்டும் இல்லை. அப்பாவுக்கு 58-ல் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு 40 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும், அறிகுறியே இல்லாவிட்டாலும். அவருக்கு 42 ஆகிவிட்டது, அறிகுறியும் இருக்கிறது.

மூலமாக இருக்கலாம். அந்த வயதில் ரத்தம் போவதற்கு மூலம்தான் அதிகப்படியான காரணம் என்பதும் உண்மை. ஆனால் மூலம் இருக்கும் ஆளுக்கு மேலே பாலிப்பும் இருக்கலாம், ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகாது. ஆசனவாயை மட்டும் பார்த்துவிட்டு 'மூலம்தான்' என்று சொன்னாலும் அவருடைய குடும்ப வரலாற்றுக்கு அது போதாது, முழுப் பெருங்குடலையும் பார்த்தாக வேண்டும். பொடி ரத்தத்தை நிறுத்திவிட்டால் இன்னும் ஆபத்து, வரவேண்டிய நேரத்தில் வரமாட்டார்.

ஆண்கள் இந்தப் பரிசோதனைக்குக் கூச்சப்படுவார்கள். எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்ல உங்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது. முந்தின நாள் பேதி மருந்துக் கரைசல் குடித்துக் கழிவறைக்கு ஓடியதுதான் கஷ்டம், பரிசோதனை நேரத்தில் மயக்க மருந்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். செலவு தடையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே செய்துகொள்ளலாம்.

போகும்போது உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலையும், அப்பாவின் பழைய மருத்துவமனைக் கோப்பு வீட்டில் இருந்தால் அதையும் கையில் கொடுத்தனுப்புங்கள். அப்பாவுக்கு எத்தனை வயதில் கண்டுபிடித்தார்கள், குடலின் எந்தப் பக்கம், அப்பாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளில் யாருக்காவது குடல் அல்லது கர்ப்பப்பை புற்றுநோய் இருந்ததா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அப்படி இன்னும் இரண்டு பேர் இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றியும் மருத்துவர் பேசுவார், அப்போது உங்கள் ஐந்து வருடக் கணக்கும் மாறலாம். தம்பியின் ரிப்போர்ட் வந்ததும் அதன் ஒரு நகலை உங்கள் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.